காப்புக்காட்டுக்கு மாற்று நிலம் கொடுத்தால் பட்டா கிடைக்குமா?

தாம்பரம், வண்டலூர், மேடவாக்கம் பக்கம் காட்டை ஒட்டி நிலம் பார்க்கிறவர்கள் காதில் ஒரு பேச்சு கட்டாயம் விழும். “ரோட்டுக்கும் உங்க இடத்துக்கும் நடுவுல கொஞ்சம் ஃபாரஸ்ட் வருது சார். வெளியூர்ல ரெண்டு பங்கு நிலம் வாங்கி டிபார்ட்மென்ட்டுக்கு எழுதிக் கொடுத்துட்டா, இதை உங்க பேருக்கு மாத்திடுவாங்க.” இதை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டு அலைகிறவர்கள் உண்டு. மாற்று நிலம் கொடுக்கும் நடைமுறை இருப்பது உண்மை. பட்டா மாறும் என்பது உண்மையில்லை. கொடுக்கிற நிலம் நிரந்தரமாகக் காடாகிவிடும். கேட்கிற நிலமும் காடாகவே இருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ள மட்டும் அனுமதி கிடைக்கும். புரோக்கர் சொல்லாமல் விடுவது இந்த ஒன்றைத்தான்.

தனியார் இருவர் நிலத்தை மாற்றிக்கொள்வது எளிது. பரிவர்த்தனைப் பத்திரம் எழுதி, இரண்டு சொத்தையும் அட்டவணையில் சேர்த்து, சார்பதிவகத்தில் ஒரே நாளில் முடித்துவிடலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வாங்கிய நிலத்தில் உரிமைக் குறை வெளிப்பட்டு அது கையைவிட்டுப் போனால், கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்க 119-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. காட்டு நிலத்தை வைத்து இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட மாவட்ட வன அலுவலருக்கு அதிகாரம் இல்லை. கலெக்டருக்கும் இல்லை. மாநில அரசே விரும்பினாலும் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் முடியாது.

காரணத்தைச் சட்டத்திலிருந்தே பார்த்துவிடலாம். நம் மாநிலத்தில் 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் நடைமுறையில் இல்லை. சென்னை மாகாணத்துக்கென்று 1882-இல் வந்த சட்டம்தான் இன்றைய தமிழ்நாடு வனச் சட்டம். ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்கப் போகிறோம் என்ற முதல் அறிவிக்கை 4-ஆம் பிரிவில் வரும். வன நிர்ணய அலுவலர் உரிமை கோருபவர்களை விசாரிப்பார். எல்லாம் முடிந்தபின் 16-ஆம் பிரிவில் இறுதி அறிவிக்கை அரசிதழில் வரும். அதற்குப் பிறகு அது காப்புக்காடு. அதன் மேல் 1980 அக்டோபர் 25 முதல் வனப் பாதுகாப்புச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் ‘வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம்’ என்று பெயர் மாறினாலும் அதன் 2-ஆம் பிரிவின் அடிப்படை மாறவில்லை. காப்பு நிலையிலிருந்து விடுவிப்பது, காடல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, குத்தகையாகவோ வேறு எவ்விதமாகவோ தனியாருக்குக் கொடுப்பது, இயற்கையாக வளர்ந்த மரங்களை முழுக்க வெட்டி மறுபடி நடுவது: இவற்றில் எதற்கும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். “வேறு எவ்விதமாகவோ” என்ற சொல்லுக்குள் பரிவர்த்தனையும் அடங்கிவிடுகிறது.

அதோடு நிற்கவில்லை. மறு உத்தரவு வரும்வரை காடுகள், தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள் எதையும் காப்பு நிலையிலிருந்து விடுவிக்கக் கூடாது என்று 2000 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. எனவே உரிமையை மாற்றித் தர வேண்டுமென்றால் மாநில அரசு, மத்திய அமைச்சகம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று படி ஏற வேண்டும். ஒரு தனியாரின் வீட்டுமனைக்காக யாரும் அந்தப் படிகளில் ஏறப் போவதில்லை. 2025 மே 15 அன்று, புனேயின் கோந்த்வா புத்ருக்கில் 1998-இல் தனியாருக்குக் கொடுக்கப்பட்டுப் பின் வீட்டுவசதிச் சங்கத்துக்குக் கைமாறிய சுமார் 11.89 ஹெக்டேர் காப்புக்காட்டு நிலத்தின் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வருவாய்த் துறையின் கையில் உள்ள காப்புக்காட்டு நிலம் எங்கெல்லாம் இப்படித் தனியாருக்குப் போயிருக்கிறது என்று தேடச் சிறப்புக் குழு அமைக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் அதே தீர்ப்பில் உத்தரவிட்டது. ஏதோ ஒரு பழைய உத்தரவைக் காட்டி “கிளியர் டைட்டில்” என்று யாராவது சொன்னால், இருபத்தேழு ஆண்டு கழிந்த பிறகும் அங்கே என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

நடைமுறையில் திறந்திருக்கும் வழி, பயன்பாட்டு மாற்றம். சாலை, குழாய், மின்கம்பி போன்றவற்றுக்குக் காட்டு நிலத்தைப் பயன்படுத்த அனுமதி, அதற்கு ஈடாகக் காடல்லாத நிலம், அதில் மரம் வளர்க்கும் செலவு. அனுமதி உத்தரவின் நிபந்தனைப் பட்டியலில் “வன நிலத்தின் சட்டநிலை மாறாது” என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரியின் பொருள்: அந்தத் துண்டை அடமானம் வைக்க முடியாது, விற்க முடியாது, அனுமதி பெற்ற வேலையைத் தவிர வேறெதற்கும் தொட முடியாது. இன்னொன்றும் உண்டு. வேறு இடமே இல்லை, இங்கேதான் ஆக வேண்டும் என்று நிறுவக்கூடிய வேலைகளுக்குத்தான் இந்த வழி. குடியிருப்பு, தொழிற்சாலை போன்றவை எங்கே வேண்டுமானாலும் அமையக் கூடியவை என்பதால் அவற்றுக்குக் காட்டு நிலம் கேட்பதையே வழிகாட்டு நெறிகள் ஊக்குவிப்பதில்லை.

“ரெண்டு பங்கு” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், மத்திய அரசு நிறுவனங்கள் போன்ற சிலருக்கு, காடல்லாத நிலத்துக்குப் பதில் அழிந்த காட்டில் இரட்டிப்புப் பரப்பில் மரம் நடும் சலுகை இருக்கிறது. தனியாருக்கு விதி வேறு. பொதுவாக, பயன்படுத்தும் காட்டின் பரப்புக்குக் குறையாத காடல்லாத நிலம் கொடுத்தாக வேண்டும்.

அந்தத் துண்டு காடுதானா?

நேரத்தையும் பணத்தையும் அதிகம் மிச்சப்படுத்தும் வேலை இதுதான். மற்ற எல்லாவற்றையும் விட இதற்குக் கூடுதலாகச் செலவழியுங்கள்.

சிட்டாவையும் அடங்கலையும் மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. கிராமத்தின் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எதிரே என்ன வகை என்று பார்க்க வேண்டும்: காப்புக்காடு, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால், அனாதீனம் (உரிமையாளர் இல்லாத நிலம்), கல்லாங்குத்து (கல்லும் பாறையுமான நிலம்). இப்போதைய பதிவேட்டைப் பார்த்தபின், எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் எடுத்து ஒப்பிட வேண்டும். யு.டி.ஆரில் எண் மாறியதும், பரப்பு கூடிக் குறைந்ததும், புறம்போக்கு பட்டாவாகப் பதிவானதும் சென்னையைச் சுற்றி நிறைய. பழைய பதிவேட்டில் காடு என்றும் புதியதில் பட்டா என்றும் இருந்தால், அந்தப் பட்டா அரசிதழ் அறிவிக்கையை வெல்லாது.

அடுத்தது அரசிதழ். 16-ஆம் பிரிவு அறிவிக்கையின் அட்டவணையில் காட்டின் நான்கு பக்க எல்லையும் வாக்கியமாகவே எழுதியிருக்கும்: இன்ன கிராமத்துச் சர்வே எண்ணின் வடகிழக்கு மூலையில் தொடங்கி, இன்ன திசையில் இத்தனை சங்கிலி போய், இன்ன எண் கற்குவியலைத் தொட்டு என்று. பழைய அட்டவணைகளில் ஏக்கர், சென்ட், சங்கிலி, லிங்க் கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். ஒரு லிங்க் 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதை மீட்டராக நினைத்து அளந்தால் எல்லை ஐந்து மடங்கு தள்ளிப் போய்விடும். ஏக்கரை ஹெக்டேராக்கும்போதும் கவனம் வேண்டும். 7 ஏக்கர் 40 சென்டை 0.4047-ஆல் பெருக்கினால் 2.99½ ஹெக்டேர் வரும். அவசரத்தில் 0.40 என்று பெருக்கினால் 2.96. வித்தியாசம் 8½ சென்ட். சென்னை விலைக்கு அது ஒரு வழக்கு.

பிறகு தரையில் பார்க்க வேண்டும். காட்டின் எல்லையில் முழங்கால் உயரம், இடுப்புயரம் என்று கல் அடுக்கியிருப்பார்கள். மேலே சுண்ணாம்பு பூசி எண் எழுதியிருக்கும். ஒரு கற்குவியலில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. நகரத்தை ஒட்டிய காடுகளில் அது நடக்காது. சாலையோரக் குவியலை ஜே.சி.பி. கலைத்திருக்கும், உள்ளே இருப்பதை உண்ணிச்செடியும் சூரைமுள்ளும் மூடியிருக்கும். சுண்ணாம்பு போய், எண் போய், வெறும் கல் கிடக்கும். அப்போது புல வரைபடத்தில் அளவைக்கு அடிப்படையாக வரைந்த ஜி-கோட்டையும் அதிலிருந்து பிரியும் கிளைக்கோட்டு அளவுகளையும் வைத்து, கலையாத இரண்டு குவியலிலிருந்து அளந்து மூன்றாவதை நிறுவ வேண்டும். வருவாய்த் துறை சர்வேயரும் வனத்துறை ஊழியரும் ஒரே நாளில் சேர்ந்து நின்று அளந்து, இருவரும் கையெழுத்திட்ட வரைபடமாக அதை வாங்குங்கள். தனித்தனியாக அளந்த இரண்டு வரைபடங்கள் பின்னால் ஒன்றோடொன்று சண்டை போடும். ஆயத்தொலைவுகளை டி.ஜி.பி.எஸ். என்ற துல்லிய ஜி.பி.எஸ். கருவியால் எடுக்க வேண்டும். செல்போனில் எடுத்த புள்ளி பல மீட்டர் தள்ளி விழும். இருபது அடி அகலத் துண்டுக்கு அது உதவாது.

இத்தனையும் செய்தால் முடிவு மூன்றில் ஒன்றாக வரும். நடுவில் இருப்பது காடே இல்லை, வருவாய்ப் புறம்போக்கு என்று தெரியலாம். அப்போது வனத்துறையிடம் போக வேண்டிய வேலையே இல்லை. காடுதான் என்று உறுதியாகலாம். அல்லது வாங்கப் போகும் நிலத்திலேயே ஒரு பகுதி காட்டுக்குள் கிடக்கலாம். மூன்றாவது வந்தால் வாங்காதீர்கள்.

4-ஆம் பிரிவு அறிவிக்கை வந்து 16-ஆம் பிரிவு இன்னும் வராத நிலங்கள் தனி ரகம். அங்கே உங்களுக்கு உண்மையான பழைய உரிமை இருந்தால், வன நிர்ணய அலுவலரிடம் ஆவணத்தோடு கோரலாம். அவர் கோரிக்கையை ஏற்றால், உரிமையை விட்டுக்கொடுக்க உடன்பாடு செய்யலாம், அந்த நிலத்தை எல்லையிலிருந்து விலக்கலாம், இல்லையென்றால் நிலமெடுப்புக்கு எழுதலாம். இது முழுக்க உரிமை கோருபவருக்கான வழி. 4-ஆம் பிரிவு அறிவிக்கை வந்த அரசு நிலத்தைக் காடில்லை என்று வைத்துக்கொண்டு விலைபேசுவது தவறு. 1980 சட்டத்துக்கு அதுவும் காடுதான்.

கொடுக்கப் போகும் நிலம்

மலிவாகக் கிடைக்கிறதே என்று எங்கோ ஒரு மூலையில் வாங்கிவிட்டு, வனத்துறை ஏற்க மறுத்தபின் தலையில் கை வைப்பது வழக்கமான கதை. வாங்கும் முன்பே அந்த மாவட்ட வன அலுவலரிடம் நிலத்தைக் காட்டி, மரம் வளர்க்கத் தகுதியானது என்ற சான்றுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள காட்டை ஒட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது. ஊர் நடுவே தனித்துக் கிடக்கும் இரண்டு ஏக்கரைக் காவல் காக்க வனச்சரகரிடம் ஆள் இருக்காது; அவர் தயங்குவது நியாயம்.

நிலம் காடல்லாததாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு சுருக்கு இருக்கிறது. 1996 டிசம்பர் 12-ஆம் தேதி கோதவர்மன் வழக்கில், பதிவேட்டில் என்ன இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு என்பது காடுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 திருத்தம் அதைச் சுருக்கப் பார்த்தபோது, நிலப் பட்டியல்கள் தயாராகும்வரை பழைய பொருளிலேயே நடக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி 19 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. ஆகவே மரம் அடர்ந்த பட்டா நிலத்தை வாங்கி “பாருங்கள், ஏற்கெனவே காடு மாதிரி இருக்கிறது” என்று கொடுத்தால், “அப்படியானால் இது காடு, மாற்று நிலமாகாது” என்று திரும்பி வரலாம். தனியார் வளர்த்த தோப்பைக் கணக்கில் எடுக்கத் தனி ஏற்பாடு விதிகளில் இருக்கிறது: மரங்களுக்கு ஐந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும், மேலடர்த்தி (தழை தரையை மூடும் பங்கு) 0.4 அல்லது அதற்கு மேல், பொதுவாக ஒரே துண்டாகப் பத்து ஹெக்டேர், எந்த வில்லங்கமும் இல்லாமல். சிறு நிலக்காரருக்கு இது எட்டாது. மலை மாவட்டங்களில் வாங்குவதானால் 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த நிலம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் கிரயமே செல்லாது.

பஞ்சமி நிலம், நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம், உச்சவரம்பில் மிகையான நிலம், பூதான நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம், நீர்நிலை ஆகியவற்றை எடுத்த எடுப்பில் தள்ளிவிடுங்கள். ஆனால் காரியம் கெடுவது பெரும்பாலும் இவற்றால் இல்லை, கூட்டுப் பட்டாவால். ஆறு பேர் பெயரில் இருக்கும் பட்டாவில் நான்கு பேரிடம் கிரயம் வாங்கிவிட்டு, உட்பிரிவு செய்யாமல் கோப்பை அனுப்புவார்கள். வனத்துறைக்குத் தனி எண்ணும், நான்கு எல்லையும் கல் நட்ட தனித் துண்டும் வேண்டும். மைனர் பங்கு, பத்திரத்தில் வராத பெண் வாரிசு, பவர் கொடுத்தவர் இறந்துபோனது என்று ஒவ்வொன்றும் ஓராண்டைத் தின்னும். வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுக்காவது போடுங்கள். கணினியில் வராத காலத்துக்குச் சார்பதிவகத்தில் கையால் தேடும் சான்று வாங்குங்கள். வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கங்களும் உண்டு: பக்கத்துத் தோட்டக்காரரின் வண்டிப்பாதை, பொதுக் கிணற்றின் பங்கு, மேலே போகும் உயர் அழுத்த மின்கம்பி. நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்தால்தான் இவை தெரியும்.

மண்ணையும் பாருங்கள். மாற்றுக் காடு வளர்ப்பில் ஹெக்டேருக்கு 1000 கன்றாவது என்பது கணக்கு. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் வைத்தால் ஹெக்டேருக்குச் சுமார் 1111 குழி வரும். பாறைத் திட்டு, பழைய மண் குவாரி என்று ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் அந்த எண்ணிக்கை அந்த நிலத்தில் எட்டாது. மீதிக் கன்றுகளை வேறு காட்டில் நடத் திட்டமும் பணமும் தனியாகக் காட்ட வேண்டும்.

கோப்பு நகரும் வழி

விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தொடங்கும். கேட்கும் காடு, கொடுக்கும் நிலம் இரண்டின் எல்லையையும் காட்டும் கே.எம்.எல். என்ற கணினி வரைபடக் கோப்பையும் ஏற்ற வேண்டும். இங்கேயே பல கோப்பு தடுக்கி விழுகிறது. வரைந்த பலகோணத்தின் பரப்பும் படிவத்தில் எழுதிய பரப்பும் ஒத்துப்போகாது. அல்லது பலகோணம் பக்கத்துச் சர்வே எண்ணில் ஏறி நிற்கும். அல்லது அதே மாற்று நிலம் வேறொரு திட்டத்துக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டதாக வரைபடத்தில் தெரியும். ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்கும் ஆட்கள் இந்தத் துறையிலும் இருக்கிறார்கள். எனவே நிலத்தை வாங்கும் முன் அந்த மாவட்ட வன அலுவலகத்தில் அந்த எண் எந்தக் கோப்பிலாவது இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மாவட்ட வன அலுவலர் இடத்தைப் பார்ப்பார். மரங்களை மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில் சுற்றளவு எடுத்து இனவாரியாகப் பட்டியலிடுவார்கள். வன உரிமைச் சட்டத்தின் கீழ் யாருடைய உரிமையும் நிலுவையில் இல்லை என்பதற்குக் கலெக்டரின் சான்று வேண்டும். அங்கிருந்து வனப் பாதுகாவலர், கிண்டி–வேளச்சேரி சாலையிலுள்ள வனத்துறைத் தலைமையகத்தில் இந்தக் கோப்புகளைக் கவனிக்கும் நோடல் அலுவலர், தலைமைச் செயலகம் என்று போகும். சாலை, குழாய் போன்ற நீளவாட்டு வேலைகளும் சிறிய பரப்புகளும் சென்னையிலேயே இருக்கும் மத்திய அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்தில் முடியும். காப்பு நிலையிலிருந்து விடுவிக்கக் கேட்டால் டெல்லியின் ஆலோசனைக் குழுவுக்குப் போய்விடும். தேசியப் பூங்கா அல்லது சரணாலயமாக இருந்தால் தேசிய வனவிலங்கு வாரியமும் சேர்ந்துகொள்ளும். கிண்டி தேசியப் பூங்காவின் ஓரத்தில் ஒரு அடி கேட்பதற்கும் வண்டலூர்க் காப்புக்காட்டில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

முதல் கட்ட அனுமதி என்பது கொள்கை அளவிலான ஒப்புதல் மட்டும். இதைக் கையில் வாங்கியதும் சிலர் ஜே.சி.பி.யை இறக்கிவிடுகிறார்கள். அது விதிமீறல். தண்டத் தொகையும் தண்டக் காடு வளர்ப்பும் தலையில் விழும், கோப்பும் நின்றுவிடும். முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவில்தான் பணம் கட்ட வேண்டும், மாற்று நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். காடு தரும் பயன்களின் இழப்புக்கு ஈடாகக் கட்டும், நிகர இன்றைய மதிப்பு என்ற என்.பி.வி. தொகை 2008-இல் வகைக்கேற்ப ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை இருந்தது. 2022 ஜனவரியில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. அரை ஏக்கர் கேட்கிறவருக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. செலவு பிடிப்பது மாற்று நிலத்தின் விலை, வேலி, பத்தாண்டுப் பராமரிப்பு, அளவை ஆகியவற்றில்.

பதிவில் ஒரு கண்ணி. தமிழ்நாட்டில் பரிவர்த்தனைக்கும் கிரயத்தைப் போலவே முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பரிவர்த்தனைப் பத்திரத்தின் தீர்வையை இரு தரப்பும் சமபங்காக ஏற்க வேண்டும் என்பது முத்திரைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு; அரசு கொடுக்க வேண்டிய தீர்வைக்கு விலக்கு உண்டு. ஆனால் மாற்று நிலம் பெரும்பாலும் தானப் பத்திரமாகவே வனத்துறைக்குப் போகிறது. விலக்கு எவ்வளவு, எந்த உத்தரவின் கீழ் என்பதை எழுத்தில் வாங்காமல் சார்பதிவகத்துக்குப் போனால் வழிகாட்டி மதிப்பில் முழுத் தொகையையும் கேட்பார்கள். பத்திரத்தின் வரைவை முன்கூட்டியே வனத்துறை வழக்கறிஞருக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. பெறுபவர் பெயர் “தமிழ்நாடு அரசு, வனத்துறை, மாவட்ட வன அலுவலர் மூலமாக” என்று பதவியின் பெயரில் இருக்க வேண்டும். அப்போது பதவியில் இருக்கும் அலுவலரின் சொந்தப் பெயரில் எழுதிய பத்திரத்தைத் திருத்த மறுபடியும் பதிய வேண்டியிருக்கும்.

பாதை மட்டும்தான் வேண்டும் என்றால்

பல பேருக்கு வேண்டியது நிலம் இல்லை, வழி. 2023 திருத்தம் இங்கே ஒரு சிறிய கதவைத் திறந்திருக்கிறது. அரசு பராமரிக்கும் பொதுச் சாலை அல்லது ரயில் பாதையை ஒட்டிய காட்டு நிலத்தில், ஒரு குடியிருப்புக்கோ சாலையோர வசதிக்கோ போய்வர அதிகபட்சம் 0.10 ஹெக்டேர் வரை அந்தச் சட்டம் பொருந்தாது. 0.10 ஹெக்டேர் என்பது 1000 சதுர மீட்டர், 24.7 சென்ட். ஆறு மீட்டர் அகலப் பாதை போட்டால் 166 மீட்டர் நீளம் வரும். மக்கள் வசிக்கும் இடத்துக்குத்தான் இது. கல் நட்ட காலி லேஅவுட்டைக் குடியிருப்பு என்று காட்ட முயல வேண்டாம். மத்தியச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தாலும் 1882 சட்டம் அப்படியே இருக்கிறது. மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு செடியைக்கூடத் தொட முடியாது.

இந்தச் சிறு துண்டுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சென்னையைச் சுற்றியுள்ள காடு பெரும்பாலும் புதர்க்காடு. காயா, களா, வீரை, உசில் எல்லாம் ஆள் உயரமும் கொஞ்சம் மேலும் நிற்கும். அளவைக் கணக்கில் அடர்த்தி குறைவு என்று வரும், அதனால் மலிவாகத் தோன்றும். ஆனால் மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய குவாரிப் பள்ளத்தில் குடியிருக்கும் கொம்பன் ஆந்தைக்கு, வெளியூரில் நட்டுவைத்த ஆயிரம் கன்று எதுவும் செய்யாது. சுமார் 320 ஹெக்டேர் கொண்ட அந்தக் காட்டின் ஓரத்தில் பாதைக்காக ஒரு கோடு கிழித்தால், கிழித்த பரப்போடு சேதம் நிற்பதில்லை. குப்பை உள்ளே வரும், நாய் வரும், தீ வரும், இரவெல்லாம் வெளிச்சம் விழும். ஹெக்டேருக்கு ஹெக்டேர் என்ற கணக்கு இதையெல்லாம் பார்ப்பதே இல்லை. வேறு பக்கம் சுற்றிப் போக வழி இருந்தால், கூடச் செலவானாலும் அந்த வழியே போங்கள்.

பரிமாற்றம் காட்டுக்கு நிஜமாகவே நல்லது செய்யும் இடம் ஒன்று இருக்கிறது: காட்டுக்குள் தீவு போலக் கிடக்கும் பட்டா நிலம். அது வனத்துறைக்குப் போனால் காடு இடைவெளியில்லாமல் ஒட்டும், காவல் எளிதாகும். அந்தப் பட்டாதாரர் காட்டின் ஓரத்தில் காட்டு நிலத்தையே ஈடாகக் கேட்டால் மேலே சொன்ன சுவரில் முட்டிக்கொள்வார். வருவாய்த் துறையின் காடல்லாத தரிசு நிலத்தைக் கேட்க வேண்டும். மனு கலெக்டருக்கு. தாசில்தார், கோட்டாட்சியர் அறிக்கையோடு சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள நில நிர்வாக ஆணையர் வழியாக அரசுக்குப் போகும். பட்டா நிலத்தின் மதிப்பு, கேட்கும் அரசு நிலத்தின் மதிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. பாதையில்லாத காட்டு நடு நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு அடிமட்டத்தில் இருக்கும் என்பதால், பரப்பில் குறைவாகத்தான் கிடைக்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். மேய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கைக் கைகாட்டாதீர்கள். கோப்பு அங்கேயே நின்றுவிடும். கூடவே, நிலத்துக்குப் பதில் பணமாக வாங்கிக்கொள்ளவும் தயார் என்று மனுவில் ஒரு வரி சேர்ப்பது நல்லது. வனத்துறையிடம் நிதி இருக்கும் ஆண்டில் நேரடிக் கிரயம், பரிவர்த்தனையை விட வேகமாக முடியும்.

எந்த வழியில் போனாலும் பத்திரப் பதிவோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். கொடுத்த நிலத்துக்குப் பட்டா மாறுதல் ஆகி, 16-ஆம் பிரிவு அறிவிக்கை வர வேண்டும். அந்த வரைவு அரசிதழுக்குப் போகும் முன் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பத்திரத்தில் 112/3 என்று இருந்தது உட்பிரிவுக்குப் பின் 112/3பி ஆகியிருக்கும்; அட்டவணையில் பழைய எண்ணே அச்சானால், உங்களுக்கு நிலம் விற்றவரின் மீதித் துண்டும் சேர்ந்து காப்புக்காடாகிவிடும். பிறகு திருத்த அறிவிக்கை வாங்குவதற்குள், எந்தத் தவறும் செய்யாத அந்த விவசாயி தன் நிலத்தில் ஒரு போர்வெல் போடக்கூட முடியாமல் நிற்பார். எண், பரப்பு, நான்கு எல்லை மூன்றையும் புதிய புல வரைபடத்தோடு வைத்து, வி.ஏ.ஓ.வையும் வனவரையும் உட்கார வைத்து வரிவரியாகப் படித்துச் சரிபார்த்தபின்பே கையெழுத்துக்கு அனுப்புங்கள்.